ம் கொட்டுதல்

2025 ஜூன் 9, திங்கட்கிழமை முற்பகலில், நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுக்கு வாழையிலை ஏற்றி வந்த சிறிய லோடு வண்டி ஒன்று, பாலராமபுரத்தில் ரோட்டோரம் பூட்டிக் கிடந்த பழக்கடையின் தகரத் தட்டியில் மோதி நின்றது. யாருக்கும் காயமில்லை.

வண்டியை ஓட்டியவன் சுடலைக்கண்ணு. பக்கத்தில் அவன் மனைவி உலகம்மை இருந்தாள். எட்டு வருடமாக அவளுக்கு அந்த இருக்கைதான். கல்யாணமான புதிதிலேயே அவனுக்குக் கண் சொக்குகிற கோளாறு இருப்பதை அவள் தெரிந்துகொண்டாள். சோற்றில் கை வைத்தபடி தூங்குவான். பஸ்ஸுக்கு நின்றபடி தூங்குவான். சொந்த ஊரான களக்காட்டில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்றுதான் பெயர். ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தாலும் காலையிலேயே அது வந்து நிற்கும். லோடு வண்டிக்காரர்கள் இதற்கெல்லாம் டாக்டரிடம் போவதில்லை. பக்கத்தில் பேச்சுத்துணைக்கு ஒரு ஆளை ஏற்றிக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கிளீனர், சுடலைக்கண்ணுவுக்கு உலகம்மை. வண்டி கிளம்பியதும் அவள் பேசத் தொடங்குவாள். தங்கை புருஷனின் குடி, குழாயடிச் சண்டை, ரேஷன் கடைக்காரி கட்டியிருந்த புடவை, எதுவானாலும் சரி. அவன் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் தொடையில் கிள்ளுவாள். அந்த ஏற்பாட்டில் அதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

வண்டியின் சொந்தக்காரரான இலைக்கடை முதலாளி கோமதிநாயகம் நசுங்கிய முன்பக்கத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ம் கொட்டிட்டேதான் இருந்தாங்க அண்ணாச்சி," என்றாள் உலகம்மை. "நான் சொல்லி முடிக்கக்கூட இல்ல. ம்னாங்க, மோதிட்டாங்க."

"உன் பேச்சை நம்பி இனி வண்டி விட முடியாது தாயீ. தட்டிக்குப் பதிலா ஒரு பிள்ளை நின்னிருந்தா என்ன செய்வே?" அவர் சுடலைக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "வே, ஓணம் வருது. இலை வரலேன்னா ஹோட்டல்காரன் என்னையே இலையில வச்சுப் பரிமாறிருவான். நீ போயி நல்ல டாக்டரா பாரு. ஓட்டலாம்னு அவங்க வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் இங்கே இலை துடைச்சு அடுக்கு. அத்தத்துக்குள்ள முடியலேன்னா நான் வேற ஆளை வைக்கணும். சங்கடப்படாதே, கேட்டியா."

ஓணத்தின் பத்து நாட்கள் அத்தத்தில் தொடங்கும். சுடலைக்கண்ணு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் கற்றவனில்லை.

தூக்க ஆய்வு என்று ஒரு பிரிவு மருத்துவமனையில் இருப்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது. தூங்குவதற்கு ஒரு இரவு, தூங்குகிறானா என்று பார்ப்பதற்கு அடுத்த பகல் என்று தலையில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்கள். டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி மலையாளத்திலும் தமிழிலுமாக விளக்கினார். நார்கோலெப்சி என்று பெயர். சோம்பல் அல்ல, மூளை விழிப்பைப் பிடித்துவைக்கத் தவறுகிற நோய். குணமாக்க முடியாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். மோடாஃபினில் என்ற மாத்திரையைக் காலையில் விழுங்க வேண்டும். மதியம் கொஞ்சம் படுக்க வேண்டும். ராத்திரித் தூக்கத்தைக் குறைக்கவே கூடாது.

உலகம்மைக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை. "மோதுற வரைக்கும் ம் கொட்டினாங்களே டாக்டர்? முழிச்சிருந்தாத்தானே ம் கொட்ட முடியும்?"

"அப்படி இல்ல சேச்சி. கையும் வாயும் பழகினதைச் செய்துகிட்டே இருக்கும். ஸ்டியரிங் திரும்பும், ம் வரும். உள்ளே ஆள் உறங்கியிருப்பார். பின்னே கேட்டா ஒண்ணும் ஓர்மை இருக்காது."

பஸ்ஸில் திரும்பும்போது உலகம்மை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கிள்ளாமல் விட்ட ம்களை எல்லாம் அவள் எண்ணிப்பார்த்தாளோ என்னவோ, வீட்டுக் கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"எங்க அம்மையை நம்மகூட கொண்டுவந்து வச்சுக்கிடலாமான்னு வண்டியில குழித்துறைகிட்ட வச்சுக் கேட்டேனே, நெனவிருக்கா?"

அவனுக்கு நினைவில்லை. அவள் அம்மா பார்வதியம்மாள் தகரப்பெட்டியும் தலையணையுமாக ஒரு நாள் வந்து இறங்கியதுதான் நினைவிருந்தது. மரியாதைக்கு, "எத்தனை நாள் இருப்பீங்க அத்தை?" என்று கேட்டிருந்தான். கிழவி அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டாள். அதன்பிறகு விசேஷத்துக்குக்கூட வரவில்லை.

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னுதான் அன்னைக்கு நெனச்சேன்," என்றான்.

"நீங்க ம்னீங்க. சரின்னு சொல்லிட்டு அவ முகத்துக்கு நேரா இப்படிக் கேட்டுட்டாங்களேன்னு நான் நெனச்சேன்."

அவள் அரிசி களையப் போனாள்.

மாத்திரை தொடங்கிய முதல் வாரம் தலைவலி. சோறு இறங்கவில்லை. டாக்டர் டீயைக் குறைக்கச் சொன்னார், தலைவலி அடங்கியது. பிறகுதான் சுடலைக்கண்ணு மதியம் என்று ஒரு பொழுது இருப்பதைக் கவனித்தான். அதுவரை அவனுடைய பகல் கிழிந்த துணியாக இருந்தது. துண்டு துண்டாகத்தான் கையில் கிடைக்கும். இப்போது வெயில் எதிர்க்கடையின் பலகையிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கத்து மூட்டைகள் மேல் ஏறுவதை முழுதாகப் பார்த்தான். இலை அடுக்கும்போது கிழிசலைத் தவறாமல் எடுத்தான். யார் எதற்கு வந்தார்கள், என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பது சாயங்காலம் வரை மனதில் நின்றது. தன்னை மந்தபுத்தி என்று அவன் வெகுகாலமாக நம்பியிருந்தான். இப்போது அதில் சந்தேகம் வந்தது.

கோமதிநாயகத்துக்கு வேறொரு ஆசை வந்தது. "வே, எனக்கும் ஒண்ணு தாயேன். மத்தியானம் கண்ணைக் கட்டுது. மூளைக்கு நல்லதாமே? ஐடி பசங்கல்லாம் முழுங்குறானுவளாம்."

"கொடுக்கக் கூடாதுன்னுருக்காங்க அண்ணாச்சி. உங்களுக்குப் பிரஷர் வேற இருக்கு. இது மூளையைப் பெருசாக்குற மாத்திரை இல்லையாம். மத்தவங்களுக்கு இருக்கிற முழிப்பை இல்லாத ஆளுக்குக் கொடுக்குதாம், அவ்வளவுதான்."

"அப்போ எனக்கு?"

"நீங்க ராத்திரி சீரியல் பார்க்கிறதை நிறுத்துனா போதும்."

தூங்குமூஞ்சி தன்னைக் கிண்டல் செய்தது கோமதிநாயகத்துக்கு நம்ப முடியாததாக இருந்தது.

வீட்டில் உலகம்மைக்குத்தான் சிரமம். சுடலைக்கண்ணு இப்போது ம் கொட்டவில்லை. கேள்வி கேட்டான். "அதுக்கு அவ என்ன சொன்னா?" என்றான். "நேத்து வேற மாதிரி சொன்னியே," என்றான். எட்டு வருடம் தடையில்லாமல் ஓடிய அவள் கதைகள் பாதியில் நின்று திரும்பி வழி தேட வேண்டியிருந்தது. ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "உங்ககிட்டே சொல்றதுக்குப் போலீஸ்காரன்கிட்டே சொல்லிறலாம்," என்றாள். ஆனால் அன்று மாலையே கூடுதலாக ஒரு கதை சொன்னாள். அவன் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான்.

ஆகஸ்ட் நடுவில் விழித்திருக்கும் சோதனை வைத்தார்கள். மங்கிய அறையில், சாய்ந்த நாற்காலியில், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பாடக் கூடாது, கிள்ளிக்கொள்ளக் கூடாது, எழுந்து நடக்கக் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை விட்டுவிட்டு நான்கு தடவை. தூங்கினால் ஒயர் காட்டிக்கொடுத்துவிடும். வண்டி ஓட்டலாமா என்பதை டாக்டர் இதை வைத்துத்தான் சொல்வார்.

டெக்னீசியன் ரெஷ்மா அவன் தலையில் ஒயர்களை ஒட்டி முடித்துவிட்டு வாசலைக் காட்டினாள். "சேச்சி புறத்து இருக்கணும். உள்ளே ஆரும் இருக்கக் கூடாது."

"ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன் பிள்ளே. வாயத் திறக்க மாட்டேன்."

"காலையில வந்ததுலேர்ந்து சேச்சி வாயை மூடி நான் கண்டதில்லையே."

சுடலைக்கண்ணு சிரித்தான். ரெஷ்மா ஒயரைச் சரிசெய்தாள். உலகம்மை கதவு சாத்தும்வரை அவனையே பார்த்தபடி பின்னால் நடந்தாள்.

அவள் குரல் இல்லாமல் அவன் இப்படி உட்கார்ந்ததில்லை. முதல் தடவை பயமாக இருந்தது. அரையிருட்டில் எதிர்ச்சுவரின் பெயிண்ட் ஓரிடத்தில் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. முன்பு அங்கே ஏதோ மாட்டியிருந்திருப்பார்கள். என்ன மாட்டியிருப்பார்கள் என்று யோசித்தான். பழைய ஆட்டம், கண்ணுக்குப் பின்னால் யாரோ திரையை இழுப்பது போன்ற அது, வருமா என்று காத்திருந்தான். வரவில்லை. இரண்டாவது தடவை, மாமியாருக்குப் போன் செய்தால் எப்படித் தொடங்குவது என்று வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக் கலைத்தான். மூன்றாவது தடவை யோசிக்க எதுவும் இல்லை. அப்படியும் விழித்திருந்தான். யோசிக்க ஒன்றுமில்லாமல் விழித்திருப்பது எவ்வளவு அமைதியானது என்பது அவனுக்குப் புதிதாக இருந்தது. நான்காவது தடவை முடியும் நேரத்தில் ரெஷ்மா வந்து தோளைத் தொட்டாள். தொட்டபிறகுதான் தான் அங்கே இல்லாமல் போயிருந்தது அவனுக்குத் தெரிந்தது.

வெளியே உலகம்மை அவன் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "கடைசியிலே விட்டுட்டேன்ட்டி," என்றான். அவள் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த பசையை முந்தானையால் துடைத்தாள்.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி கம்ப்யூட்டரில் கோடுகளை நகர்த்திப் பார்த்தார். "பிற்பகல் கடைசியிலதான் போச்சு. காலையில நல்லா இருக்கு, நான் நெனச்சதைவிட நல்லா. காலை ஓட்டம் ஓட்டலாம், மாத்திரை போட்டபிறகு. உச்சைக்கு, மத்தியானத்துக்குப் பிறகு வண்டியைத் தொடக் கூடாது, ராத்திரி ஓட்டவே கூடாது. கண்ணு கனத்தா அப்போவே ஓரத்தில நிறுத்தணும். ஓணம் கழிஞ்சு திரும்ப வாங்க."

"அப்போ முழு ஓட்டம்?"

"இப்போ பாதி. பாதியை நல்லா ஓட்டிக் காட்டுங்க."

கோமதிநாயகம் டாக்டரிடமே போனில் பேசி உறுதிசெய்துகொண்டார். மதிய ஓட்டத்தைக் கடையில் சுமை இறக்கும் பிஜிக்குக் கொடுத்தார். காலை ஓட்டத்துக்கு வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பேச்சுத்துணை இனித் தேவையில்லை என்று அவர் சொன்னபோது, "சும்மா வாரேன் அண்ணாச்சி, காத்தாட," என்றாள் உலகம்மை.

ஆகஸ்ட் 25, திங்கட்கிழமை, அத்தத்துக்கு முந்தின நாள், நாகர்கோவிலிலிருந்து கிளம்பிய இலை லோடு முற்பகலில் சாலைக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. சுடலைக்கண்ணு இறங்கி, தன் பக்கத்துக் கதவை ஓசைப்படாமல் சாத்தினான். பாறசாலை தாண்டியதிலிருந்தே உலகம்மை தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிஜி பின்பக்கத்திலிருந்து இலைக்கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினான்.