எட்டரை மணிக் கணிப்பு

வேலாயுதத்துக்குத் தன் மகன் குகனைக் கட்டிக்கொள்ளப் போகும் மாதவியை நிரம்பப் பிடித்திருந்தது. அவள் பல்கலைக்கழகத்தில் நடத்தும் பாடத்தைத்தான் பிடிக்கவில்லை. மலேசியாவின் கிள்ளானில் காலமெல்லாம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவரிடம் சமூகவியலும் அறிவியல்தான் என்றால் பற்றிக்கொண்டு வராதா?

"முன்கூட்டியே கணிச்சுச் சொல்லணும், அதுதான் சயின்ஸ். உங்க சப்ஜெக்ட்டால முடியுமா?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தார்.

"முடியும் அங்கிள். உங்க அறுபதாவது பிறந்தநாள் டின்னருக்கு ஏழு மணின்னு கார்டு அடிச்சிருக்கீங்க. எட்டரைக்கு முன்னாடி உங்க சொந்தக்காரங்க யாரும் வரமாட்டாங்க."

"அப்போ சாப்பாட்டு நேரத்த நீயே கேட்டரிங்ல சொல்லிடு லா."

அவள் கிளம்பியதுதான் தாமதம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டார்: 'நீங்க ஒருத்தரும் எட்டரைக்கு முன்னாடி வரமாட்டீங்களாம். மருமகளோட ஆராய்ச்சி!'

சொந்தக்காரர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிறந்தநாளன்று ஏழு மணிக்கெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் உட்கார இடமில்லை. எந்த விசேஷத்துக்கும் கடைசிப் பந்திக்கே வந்து சேரும் காஜாங் தங்கச்சி புஷ்பவல்லிகூட முதல் வரிசையில் இருந்தாள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வேலாயுதத்துக்குத் தலைகால் புரியவில்லை.

குழந்தை ஒன்று பசிக்கிறது என்று சிணுங்கியபோதுதான் உறைத்தது. சாப்பாடு எட்டரைக்கல்லவா வரும்! 'வீட்டுக்கு வரதுக்கு முன்னாடியே எங்களப் பட்டினி போட்டவ' என்று ஆயுசுக்கும் மாதவியைச் சொல்லிக்காட்டுவார்களே. தங்கமான பிள்ளையை இப்படி மாட்டிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவளிடம் ஓடினார். "தப்பு பண்ணிட்டேன்மா. நீ சொன்னத குரூப்புல போட்டுட்டேன். ரோஷத்துல எல்லாரும் வந்துட்டாங்க. சாப்பாடு..."

"பின்னாடி வந்து இறங்கியாச்சு அங்கிள். ஆறரைக்கே கொண்டாரச் சொல்லிட்டேன்."

"எப்போ சொன்ன?"

"உங்ககிட்ட எட்டரைன்னு சொன்ன அன்னிக்கே." மாதவி சிரித்தாள். "நீ கரைஞ்சிடுவேன்னு உப்புகிட்ட சொன்னா அது ரோஷப்படாது. மனுஷங்க படுவாங்க. நாங்க அதையும் சேர்த்துக் கணிக்கணும். உங்களால அத யார்கிட்டயும் சொல்லாம இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

வேலாயுதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தப் பெண் தன்னை இவ்வளவு கவனித்திருக்கிறாளா என்று கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒரு தடவ செஞ்சா சயின்ஸ் ஆகாதும்மா. திரும்பச் செஞ்சு பார்க்கணும். உங்க கல்யாணத்துக்கும் நீயே நேரம் சொல்லு."

"சரி அங்கிள்."

"கேட்டரிங்காரர்கிட்ட மட்டும். என்கிட்ட சொல்லிடாத."