பரிசோதகர் வீட்டுக் குழாய்

தண்ணீர்ப் பரிசோதகர் ஓய்வுபெற்று ஊருக்கு வெளியே கட்டிய வீட்டில் குழாயை முதன்முதலாகத் திறந்தபோது, ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு கிராமத்துக் கைப்பம்பின் தண்ணீர் வந்தது. அதைக் கண்டுபிடித்தவன் குழாய் பொருத்த வந்த பிளம்பர். பற்கள் ஈறுவரை பழுப்பேறியிருந்ததால் எல்லோரும் அவனைக் காவிப்பல் என்றே கூப்பிட்டார்கள். அவனும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பான். உள்ளங்கையில் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எங்க ஊர் பம்புத் தண்ணி சார்" என்றான், பைப்பின் அளவைச் சொல்லும் அதே குரலில்.

அந்த வட்டாரத்தில் தண்ணீரைப் பற்றிப் பரிசோதகரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. வீடு எழும்புவதற்கு முன்பே வாசலில் 'குடிநீர் ஆலோசகர்' என்ற பலகை எழும்பியிருந்தது. மனை வாங்கிய கையோடு, கிணறா, ஆழ்துளையா, மழைநீர்த் தொட்டியா, லாரித் தண்ணீரா என்று நாற்பது பக்க அறிக்கை எழுதி, அதைத் தமக்குத் தாமே சமர்ப்பித்து, ஒரு வாரம் பரிசீலனையில் வைத்து, பிறகு ஒப்புதல் கையெழுத்தும் போட்டார். அதன்படி நானூறு அடியில் ஆழ்துளை இறங்கியது. பரிசோதிக்காத தண்ணீரில் தாம் கால்கூடக் கழுவுவதில்லை என்று பக்கத்து நிலத்துக்காரர்களிடம் சொல்லியும் வைத்திருந்தார். ஆகவே இப்போது சிரித்தார். "முதல்ல புகையில போடறத விடுப்பா. உனக்கு நாக்கு செத்துப் போச்சு."

"நான் எதையும் போடறதில்ல சார். எங்க ஊர்ல பால்பல்லு விழுந்து முளைக்கறதே இந்தக் கலர்லதான். எல்லாம் பம்புத் தண்ணி."

பரிசோதகர் ஊர்ப் பெயரைக் கேட்டார். அவன் சொன்னான். அதற்குப் பிறகும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவனைப் போல.

மறுநாளே ஆழ்துளையின் வால்வை மூடிவிட்டு மழைநீர்த் தொட்டிக்கு மாறினார். வானத்திலிருந்து மழையாக விழுந்தது, குழாயில் கைப்பம்புத் தண்ணீராக வந்தது. லாரி வரவழைத்தார். ஓட்டுநர் கண்ணெதிரே தெளிவான தண்ணீரைத்தான் இறக்கினார். சமையலறைக்கு வந்து சேர்ந்தது அதே கைப்பம்புத் தண்ணீர்தான். மச்சான் பெயரில் ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பினார். ஃபுளோரைடு அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்கு என்றும், குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றும் பதில் வந்தது. அதை மடித்துப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தார். மனைவி துணி அடுக்கும்போது எடுத்துப் படித்தாள்.

பிளம்பர் சொன்ன ஊர்ப் பெயர் அவளுக்குப் பழக்கமானது. பத்தொன்பது ஊர்களின் பெயர்களும் பழக்கம்தான், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றாலும். பரிசோதகர் வேலையிலிருந்த காலத்தில், ஜீப் போகாத ஊர்கள் என்றும், ஜீப் போனாலும் தாம் போக வேண்டியதில்லாத ஊர்கள் என்றும் அவர் ஒதுக்கியவை அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலிப் பாட்டில்களைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் எழுத்து அழகு என்பதால் லேபிள் எழுதுவது அவள் பொறுப்பு. வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிப்பதும் அவளே. ஆபீஸ் வேலையாயிற்றே, குறை வந்துவிடக் கூடாது என்று கொதிக்கவைத்து, ஆறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். பத்தொன்பது கிராமங்களும் வருடா வருடம் பிரமாதமாகத் தேறின. ஒரு வருடம் கேடயம்கூட வந்தது.

"அந்தப் பாட்டில்லாம் நான் புடிச்சதுதானே?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிடி."

அவள் சண்டை போடவில்லை. ஒரு டம்ளரை எடுத்துக் குழாயில் பிடித்துக் குடித்தாள். "அவங்க குடிச்சத நானும் குடிக்கறேன். நீங்க போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இதுதான்." அவர் எவ்வளவு சொல்லியும் வெளித் தண்ணீரை அவள் தொடவில்லை. வெட்கக்கேடு வீட்டுக்குள்ளேயே டம்ளர் டம்ளராக நிறைந்துகொண்டிருந்தது.

முதல் முறை போனபோது பரிசோதகர் கைப்பெட்டியும் கோப்புமாகப் போனார். 'மறு ஆய்வு' என்று அறிவித்து, பாட்டிலில் முறைப்படி பிடித்து, முடிவு வந்ததும் குடிக்கக் கூடாது என்று பம்புக்குச் சிவப்பு பெயிண்ட் அடிக்க ஏற்பாடு செய்தார். ஊரே கைகூப்பி நன்றி சொன்னது. வீட்டுக் குழாயில் ஒரு சொட்டும் மாறவில்லை. நான்காவது மாதம் மனைவி மூட்டு வலியோடு படியேறும்போது கைப்பிடியைத் தேடினாள்.

இரண்டாவது முறை கைப்பெட்டி இல்லை. வேறு பம்பு இல்லாததால் சிவப்பு பம்பில்தான் எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது குடத்தை வைத்திருந்தது காவிப்பல்லின் அம்மா. "போன தடவைக்கு முன்னாடி நான் இங்க வந்ததே இல்லம்மா" என்றார் பரிசோதகர். "நல்ல தண்ணின்னு எழுதினது பொய். பாட்டில்ல இருந்தது எங்க வீட்டுத் தண்ணி."

அந்த அம்மாவின் கை பம்பிலேயே நின்றது. "பேப்பர்லயே நல்ல தண்ணின்னு போட்டிருந்துச்சே" என்றாள். "பசங்க ஒழுங்கா பல்லு வெளக்கறதில்லன்னு நான்ல நெனச்சேன். காலையில காலையில போட்டு அடிப்பேன். பெரியவன் செங்கல்பொடி வச்சு ரத்தம் வர்ற மாதிரி தேய்ப்பான், பாவம்." அவள் அவரைத் திட்டவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. அரைக் குடத்தோடு நடந்து போய்விட்டாள். பின்னால் வரிசையில் நின்றிருந்தவள், "கொஞ்சம் நகருங்க சார்" என்றாள்.

சாயங்காலம் அவர் வீடு திரும்பி வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள், "மாறிடுச்சு. இப்ப இரும்பு வாடை." அது இரண்டாவது ஊர்.

பரிசோதகர் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார். அலுவலகம் ஒன்றரை வருடம் விசாரித்து, கேடயத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டது. அந்தக் கடிதத்தின் நகலைத் தூக்கிக்கொண்டு காவிப்பல்லும் அவன் ஊர்க்காரர்களும் ஏறாத படியெல்லாம் ஏறி, மூன்றாம் வருடம் தங்கள் ஊருக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாயைக் கொண்டுவந்தார்கள். மற்ற ஊர்களில் ஒன்றில் சிரித்தார்கள். ஒன்றில் காறித் துப்பினார்கள். இன்னொன்றில், "பேசினது போதும், அடிங்க" என்று பம்புக் கைப்பிடியை அவரிடம் கொடுத்து, தெருவின் கடைசிக் குடம் நிறையும்வரை விடவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் திரும்புவதற்குள் வீட்டுக் குழாய் அடுத்த ஊருக்குப் போயிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் பஸ் நேரம் கேட்பதுபோல, "இப்ப எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். பரிசோதகரும் சொல்வார்.

இப்போது நடப்பது பன்னிரண்டாவது ஊர். அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. மனைவி நேற்றிலிருந்து சமையலுக்கு உப்புப் போடுவதில்லை. போடாமலே சரியாக இருக்கிறது. பரிசோதகர் தலை நிமிராமல் சாப்பிட்டு, டம்ளர் தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் போனார்.