மேஜர் ஸ்டாக்டேலின் பின்னால் வந்த மலை

மலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று அலினாஃபே கேட்டபோது மேஜர் ஸ்டாக்டேல் தேநீரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். துரையிடம் நற்சான்றில் கையெழுத்து கேள், லண்டனில் உத்தியோகம் கேள், அவர் எடுத்துப்போனதை மட்டும் கேட்டுவிடாதே என்று ஆப்பிரிக்காவில் நியாசாலாந்திலிருந்து அவள் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அவர் குடும்பத்தில் முதலில் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள்தான். மலை சன்னலுக்கு வெளியேதான் நின்றது. தோசைக்கல்லாய்க் கிடக்கும் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் அது ஒன்றுதான் மேடு.

ஸ்டாக்டேல் இளவயதில் உதவி மாவட்ட அதிகாரியாக நியாசாலாந்துக்குப் போனவர். குடிசைவரி வசூலித்தார், ரோடு போட்டார், சில வழக்குகளை நேர்மையாகவும் மற்றவற்றைச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பாகவும் முடித்தார். தேசப்படம் வரைந்தபோது கம்வுலா என்ற மலைக்குத் தன் பெயரை எழுதிக்கொண்டார். பெயர் வைத்தவரே வளர்க்க வேண்டும் என்பது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். அது அவருக்குத் தெரியாது, மலைக்குத் தெரியும். மறுநாளிலிருந்து அவர் பின்னாலேயே வந்தது. ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் வந்தது. யுத்தத்தில் அவர் மேஜராகிப் பர்மா போனபோதும் போய், ஜப்பானியக் குண்டுகளைத் தன் மேல் வாங்கிக்கொண்டது. அவர் படையிலிருந்த அலினாஃபேயின் அப்பாவோடு ஒரு பட்டாளமே அதன் மறைவில் படுத்துப் பிழைத்தது. பதக்கம் ஸ்டாக்டேலுக்குக் கிடைத்தது. ஓய்வுபெற்று அவர் கப்பலில் ஊர் வந்தார். மலை கடலடியில் நடந்து, அடிவாரமெல்லாம் சிப்பி ஒட்ட, அடுத்த வருஷம் வந்து சேர்ந்தது. ஊருக்குக் கொண்டாட்டம். பனிக்காலத்தில் பிள்ளைகள் சறுக்கினார்கள். மேஜர் வீட்டுச் சமையற்காரி மிஸஸ் பெக் அதன் சரிவில் துணி காயப்போட்டாள். நியாசாலாந்தில் மேகத்தை மறிக்க ஆளில்லாமல், மழையின்றி மக்காச்சோளம் கருகியதை யாரும் விசாரிக்கவில்லை.

"அப்பா சௌக்கியமா?" என்றார் மேஜர்.

"சௌக்கியம். உங்களுக்கு சல்யூட் சொல்லச் சொன்னார். அதை நீங்களே வெச்சுக்குங்க, மலையைக் குடுங்க."

"முறையா எழுதிக் கேட்டா ஒரு கமிட்டி போட்டு..."

"உங்க பேரை எழுதினப்ப எந்தக் கமிட்டி உக்காந்துச்சு?"

மிஸஸ் பெக் சிரிப்பை அடக்க இருமினாள். மேஜர் தேநீரைக் கலக்கினார். "மலையை நான் கட்டியா வெச்சிருக்கேன்? கூப்பிட்டுப் பாரும்மா. எனக்கு அது பழகிப்போச்சு, அவ்வளவுதான்."

அவள் சன்னலைத் திறந்து, வீட்டு ஆளைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, கம்வுலா என்றாள். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலை தூக்கின. பிறகு ஒவ்வொன்றாக இறங்கி வயலுக்குப் போயின.

"இரு இரு, என் போர்வையை எடுத்துக்கறேன்," என்று மிஸஸ் பெக் வெளியே ஓடினாள். மலை அவள் எடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தது.

கையெழுத்தாகாத நற்சான்றைக் கேக் தட்டுக்கு அடியில் செருகிவிட்டு அலினாஃபே கோட்டை மாட்டிக்கொண்டாள். ஊருக்குக் கப்பல் டிக்கெட்டைப் போன வாரமே வாங்கியாகிவிட்டது. மேஜர் எழுந்து நின்று சன்னலைப் பார்த்து சல்யூட் அடித்தார். அவள் கதவைத் திறந்து வெளியே நடந்தாள். நல்ல வெயில். முதுகில் மட்டும் நிழல் விழுந்தது. அவள் நடக்க நடக்க அதுவும் வந்தது.