படுத்திருந்தால் பிடிபடாது

மனுஷன் பொய் சொல்வான் என்று எல்லாருக்கும் தெரியும். மெஷின் சொல்லாது என்று நம்புகிறார்கள் பாருங்கள், அங்கேதான் வினை.

ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிறவள் ஒருத்தி. இஸ்திரியக்கா என்றால்தான் தெரியும். திடீர் திடீரென்று அவள் நெஞ்சு தறிகெட்டு ஓடும், மூடி போட்ட பாத்திரத்தில் பட்டாணியைக் குலுக்கினாற்போல. பிறகு கண் இருட்டும். ஒரு தரம், விரிப்பைத் தேய்த்துத் தள்ளும் கொதிக்கிற இரும்பு உருளைக்குப் பக்கத்திலேயே சாய்ந்தாள். ஒரு சாண் தள்ளி விழுந்ததால் கை மிஞ்சியது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு நல்ல பிள்ளையாகிவிடும். ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எதற்கும் ஒரு நாள் முழுக்க மாட்டிப் பார்க்கலாம் என்றார். டெக்னீஷியன் பொண்ணு ஒன்று நெஞ்சில் ஒயரை ஒட்டி, துடிப்பைப் பதியும் ஒரு சின்னப் பெட்டியை இடுப்பில் கட்டி அனுப்பியது. மேற்கொண்டு ஒரு வார்த்தை கிடையாது.

புருஷனுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் பயம். பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்புகிறவன் மாதிரி, இன்று மட்டும் அசையாமல் படு, நல்லபடியாக வரட்டும் என்றான். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பைத் தொடாதவன் அன்றைக்குச் சமைத்தான். அவளும் மரக்கட்டையாகப் படுத்திருந்தாள்.

நல்லபடியாகத்தான் வந்தது. ஒரு கோளாறும் இல்லை, மனசுதான் காரணம் என்றார் டாக்டர். புருஷன் அதைத் தன் அக்கா வீடு வரைக்கும் தம்பட்டம் அடித்தான். வேலைக்கள்ளி என்று நாத்தனார் தீர்ப்பே சொல்லிவிட்டாள். நாளை மறுநாள் உருளைக்கே திரும்பலாம் என்று சலவைக்கூட மேஸ்திரியும் சொன்னான். அடுத்த தரமும் ஒரு சாண் தள்ளி விழுவோம் என்று என்ன உத்தரவாதம்?

மறுநாள் தனியாகப் போய், ஒயர் ஒட்டின டெக்னீஷியன் பொண்ணைப் பிடித்தாள். உன் பெட்டி பொய் சொல்லுது என்றாள். அன்றைக்கு என்ன வேலை செய்தீர்கள் என்று அந்தப் பொண்ணு கேட்டது.

"படுத்திருந்தேன்."

"நாள் பூராவுமா? என்னக்கா இது. எலி வர்ற வழியில வைக்காம பொறியப் பரண் மேல வெச்சா எலி மாட்டுமா?"

"பெட்டிய மாட்டும்போதே அதச் சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

அந்தப் பொண்ணே டாக்டரிடம் பேசி மறுபடி பெட்டியைக் கட்டிவிட்டது. வழக்கமான வேலையைச் செய்யுங்கள், ஆனால் சூட்டுப் பக்கம் போகவே கூடாது, படபடத்தால் இந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு அங்கேயே உட்காருங்கள் என்று விளக்கமாகச் சொன்னது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது ரவிக்கை ஓரம் ஒயர் தெரிந்துவிட்டது. புருஷன் வாசலை மறித்தான்.

"மறுபடியுமா? பேசாமப் படு. இந்தத் தடவையும் நல்லா வந்தா உனக்குத்தானே நல்லது?"

"நல்லா வந்து நான் செத்தா, சுகமாச் செத்தாள்னு எழுதி ஒட்டுவீங்களா? நகருங்க."

நகர்ந்தான். அப்படி ஒரு குரலை அந்த வீட்டில் அவன் கேட்டதில்லை.

மேஸ்திரியிடம் சண்டை போட்டு ஈரத்துணி வண்டிக்கு மாற்றிக்கொண்டாள். மதியம் நனைந்த விரிப்புகளை வாரி வண்டியில் போடும்போது வந்தது. இத்தனை நாள் வந்தபோதெல்லாம் பயந்தவள், அன்றைக்கு, வா, வந்து மாட்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கித் தரையில் உட்கார்ந்தாள். கண் இருட்டி, சுவரில் சாய்ந்து, மெள்ளத் தெளிந்தது.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் புருஷனும் கூடவே வந்தான். இந்தத் தடவை டாக்டர் தாளை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். சீப்புப் பல் போல ஒழுங்காக வந்த கோடு ஓரிடத்தில் நெருக்கியடித்து ஓடியிருந்தது. ஓட்டம் நின்ற இடத்தில் கோடு எழும்பவே இல்லை, வெறும் தரையாகக் கொஞ்ச தூரம் போயிருந்தது. அந்த நேரம் இதயம் துடிக்கவே இல்லை, அதனால்தான் விழுகிறீர்கள் என்றார். துடிப்பு நின்றால் எடுத்துக்கொடுக்க நெஞ்சுக்குள் ஒரு கருவி வைக்கவேண்டும், இப்போதே படுக்கையில் சேருங்கள் என்றார்.

புருஷன் தொண்டையைக் கனைத்தான். வீட்டில் போட்டது போட்டபடி கிடக்கிறது, இவள் ஒரு எட்டுப் போய் ஒழுங்குபடுத்திவிட்டு நாளைக் காலையில் வரட்டுமா என்று டாக்டரைக் கேட்டான்.

டாக்டர் வாயைத் திறக்குமுன் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"அன்னிக்கு நாள் பூரா படுக்க வெச்சீங்களே, இப்பப் படுக்கிறேன். நீங்க போய் ஒழுங்குபடுத்துங்க."