செத்த செடிகளின் பட்டியல்

ஷூவில் ஏறிய கள்ளிமுள்ளைக் கையால் பிடுங்கக் கூடாது என்று முதல் நாளே ரத்தம் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தாள் ஆட்ரா. நெம்ப ஒரு குச்சி வேண்டும். அரைமணி முன்பு தன் பட்டியலில் "செத்தது" என்று ஏற்றிய பர்சேஜ் செடி பக்கத்திலேயே நின்றது. முழங்கால் உயரம், சாம்பல் நிறம், பேருக்கு ஒரு இலை கிடையாது. முயல் மேயாமலிருக்க அதைச் சுற்றிப் போட்டிருந்த கம்பிக் கூண்டுக்குள் கைவிட்டு ஒரு கிளையை ஒடிக்கப் பார்த்தாள். படக்கென்று ஒடிய வேண்டியது வளைந்து கொடுத்தது. முறுக்கினாள். நாராக உரிந்தது. உரிந்த இடத்தில் பச்சை.

முள்ளை மறந்துவிட்டாள்.

அவள் ஊரான மிச்சிகனில் மே மாதக் கடைசியிலும் இலை விடாத செடி என்றால் அதன் கதை முடிந்தது என்று அர்த்தம். இந்த நெவாடா பாலைவனத்துக்குப் பயிற்சிக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. தீயில் கருகிய சரிவில் இரண்டு வருடம் முன்பு நட்ட முன்னூறு செடிகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவதுதான் முதல் வேலை. அவள் கணக்கில் இருநூற்றுப் பதினொன்று காலி. "இங்க செடி இலைய உதுத்துட்டும் உசுரோட நிக்கும். சந்தேகமா இருந்தா நகத்தால கீறிப் பாரு, உள்ள பச்சையிருந்தா உசுரு" என்று அதிகாரி லூர்தெஸ் சொல்லித்தான் அனுப்பினாள். "தெரியும், தெரியும்" என்று வேகமாகத் தலையாட்டியது இவள்தான். சந்தேகம் என்று ஒன்று வந்தால்தானே கீறுவதற்கு?

கீழே வண்டியில் கூண்டுகள் விழும் சத்தம் கேட்டது. செத்த செடிக்குக் கூண்டு வீண் என்று, அவள் சிவப்பு நாடா கட்டிய செடிகளின் கூண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தான் கூடப் பயிற்சிக்கு வந்த டக்கர். மூன்று மைல் தள்ளி வேறு நடவுக்கு அவை போகின்றன.

அவள் இறங்கி வந்தபோது பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது.

"வா மிச்சிகன்! நல்லா சாவு எண்ணியிருக்கம்மா. என் முதுகு போச்சு" என்றான் டக்கர்.

லூர்தெஸ் மண்டியிட்டு வண்டிக்கு அடியில் பாலைவன ஆமை ஏதும் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்தாள். இன்றைக்கு ஏற்றியது போதும் என்று கிளம்பப் போகிறார்கள். ஆட்ரா வாயைத் திறக்காமல் ஏறி உட்கார்ந்தால் போதும், யாருக்கும் தெரியாது. விடிவதற்குள் முயல்கள் அவள் பட்டியலை உண்மையாக்கிவிடும்.

"லூர்தெஸ், ஒரு நிமிஷம்." குச்சியை நீட்டினாள்.

லூர்தெஸ் வாங்கிப் பார்த்தாள். விரலால் அந்தப் பச்சையைத் தடவினாள்.

"எத்தனையக் கீறிப் பாத்த?"

"ஒண்ணுகூட இல்ல."

"அடிப்பாவி" என்றான் டக்கர் மெதுவாக.

"ஒவ்வொண்ணையும் குவளைல வச்சு வளத்தேன். தெரியுமா உனக்கு?" லூர்தெஸ் குரலை உயர்த்தவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "கோவம் வருது எனக்கு. அத அப்புறம் வச்சுக்கறேன். கூண்ட இறக்குங்க."

"எல்லாத்தையுமா?" டக்கர் அலறினான். "இப்பத்தான ஏத்தினேன்!"

"எது உசுரோட இருக்குன்னு அவ சொல்லுவா. அதுக்கு மட்டும் போடு. நான் அந்தக் கோடியிலேர்ந்து கீறிப் பாத்துட்டு வரேன்."

ஆட்ரா முதல் சிவப்பு நாடாவின் முன் குத்துக்காலிட்டாள். கீறினாள். பச்சை. இரண்டாவதும் பச்சை. டக்கர் முனகிக்கொண்டே கூண்டுகளைக் கவிழ்த்தான். மூன்றாவதில் பழுப்பு. கொஞ்சம் இறங்கிக் கீறினாள். பழுப்பு. இன்னும் கீழே, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில். அதுவும் பழுப்பு.

"போச்சா?"

"இரு. வேரையும் பாத்துடறேன்."

விரல்களால் மணலைப் பறித்தாள். மேல் மணல் சுட்டது, உள்ளே சுடவில்லை. சரிவுக்கு மேலே ஒரு முயல் உட்கார்ந்திருந்தது. சாயும் வெயில் ஊடுருவி அதன் நீண்ட காதுகள் சிவந்து தெரிந்தன. டக்கர் கூண்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றான்.