சாப்பிட்டீங்களா, டாக்டர்?

மறுபடியும் கத்தியது அந்த மெஷின்.

"ஏதாவது பண்ணுங்க மாமா! அக்கா உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கு!" காதைப் பொத்திக்கொண்டாள் மச்சினி.

மெக்கானிக் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினார். லாரி என்ஜினையே பிரித்து மேயும் கை, மனைவியின் இடுப்பிலிருந்த இன்சுலின் பம்பிடம் தோற்றுக்கொண்டிருந்தது. விடியற்காலையில் மாரடைப்பு. அவள் போய்விட்டாள். மருந்து தீர்ந்துவிட்டதென்று இது மட்டும் அலறுகிறது.

"சுகர் டாக்டருக்குப் போன் போட்டுட்டேன். வந்துட்டிருக்கார்."

"அவன் எதுக்கு? கட்டின புருஷன் நான் இருக்கேன்ல?"

"இருந்து? சத்தம் நிக்கலையே!"

அந்த டாக்டர் பேச்சை எடுத்தாலே அவருக்கு வயிறு எரியும். சின்ன வயதிலிருந்தே இன்சுலினில் ஓடிய உடம்பு அவளுடையது. இந்த ஸ்பெஷலிஸ்ட்டிடம் போன பிறகுதான் நடுரோட்டில் மயங்கி விழுவது நின்றது. அதெல்லாம் சரி. செக்கப் நாளென்றால் நல்ல புடவை எதற்கு? "நீங்களும் உள்ள வாங்களேன்" என்பாள். பட்டறையில் வேலை என்று வாசலோடு திரும்பிவிடுவார். ஒருநாள் அவள் போனில் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டார்: "முதல்ல சாப்பிட்டீங்களா, டாக்டர்? பொய் சொல்லாதீங்க."

தன்னை அவள் அப்படிக் கேட்டதே இல்லை.

டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். சினிமா ஹீரோ மாதிரி ஒருவனை எதிர்பார்த்திருந்தார் மெக்கானிக். வந்தது வழுக்கை. அதில் எரிச்சல் இன்னும் கூடியது.

டாக்டர் தேடவே இல்லை. கை நேராகப் பம்புக்குப் போனது. சத்தம் நின்றது. வலிக்குமோ என்பதுபோல மெல்ல பிளாஸ்திரியைப் பிரித்தார்.

"பாத்தியா, எங்க இருக்குன்னு எப்படித் தெரியுது!"

"மாமா, சும்மா இருங்க."

எழுந்த டாக்டர் தள்ளாடினார். நெற்றியில் பொடிப்பொடியாய் வியர்வை. விரல்கள் நடுங்கின. மெக்கானிக்குக்குப் பழகிய முகம் அது. யோசிக்குமுன் கை சட்டைப்பைக்குப் போயிற்று. அவளுக்குச் சுகர் இறங்கினால் கொடுக்கவென்று எப்போதும் வைத்திருக்கும் மிட்டாய்.

"சப்பாதீங்க. கடிச்சு முழுங்குங்க."

பீப்!

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டாக்டர் கையிலிருந்த பம்ப் அணைந்தே கிடந்தது.

டாக்டர் தன் சட்டையைத் தூக்கினார். இடுப்பில் அதே மெஷின்.

"எனக்கும் ஸ்கூல் போற வயசிலேர்ந்து இதேதான். போன் வந்ததும் சாப்பிடாம ஓடிவந்துட்டேன். சுகர் டாக்டருக்கே சுகரான்னு சிரிப்பாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல. அவங்க மட்டும் கண்டுபிடிச்சுட்டாங்க. உங்ககிட்டகூடச் சொல்லலையா?"

மெக்கானிக் இரண்டாவது மிட்டாயின் உறையைப் பிரித்தார்.