கொய்யா நின்ற இடம்

வீட்டுக்குப் பின்னால் நின்ற கொய்யா மரம் ஒரு பெருங்காற்றில் வேரோடு சாய்ந்தது. மதில் சுவருக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம். அங்கே அடுத்து எதை வைப்பது என்பதில் ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு வளர்ந்தது.

கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். அண்ணன் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். தம்பி மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். தெருவில் அவர்களை மூத்தவள், இளையவள் என்றுதான் சொல்வார்கள்.

மூத்தவள் எலுமிச்சை வைக்க வேண்டும் என்றாள். இளையவள் மந்தாரை வைக்கலாமே என்றாள். ஒருத்தி 'வேண்டும்' என்று சொல்லி மற்றவள் 'வைக்கலாமே' என்றபோதே முடிவு பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் இளையவள் அந்தத் தடவை சுலபத்தில் விடவில்லை. எலுமிச்சையில் முள் இருக்கிறது, துணி உலர்த்தும் இடத்தில் முள் மரம் எதற்கு என்று கேட்டாள். கொழுந்து விட்டால் புழு வரும், காய்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றாள். மந்தாரை இலையைக் கொட்டித் தள்ளும், சாக்கடை அடைத்துக்கொள்ளும், காய் வெடித்து விதை தெறிக்கும், குனிந்து கூட்டுவது யார் என்று மூத்தவள் திருப்பிக் கேட்டாள்.

நாற்றுப் பண்ணைக்காரரிடம் இருவரும் தனித்தனியே போய் விசாரித்தார்கள். மூத்தவளிடம் எலுமிச்சையைப் போல வீட்டுக்கு உதவும் மரம் இல்லை என்றார். இளையவளிடம் மந்தாரையைப் போல வீட்டுக்கு அழகு தரும் மரம் இல்லை என்றார். விற்கிறவனுக்கு எல்லாப் பிள்ளையும் தங்கப் பிள்ளைதான்.

"பூவைப் பாத்தா வயிறு நெறையுமா?" என்றாள் மூத்தவள்.

"எலுமிச்சம்பழம் கடையில கெடைக்கும்க்கா. பூவைக் கடையில வாங்கிட்டு வந்து மரத்துல ஒட்டவா முடியும்?"

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று முகத்தை இறுக்கிக்கொண்டாள். ஆண்கள் இருவரையும் கேட்டுப் பார்த்தார்கள். அண்ணன், நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு முடி வெட்டிக்கொள்ளக் கிளம்பிப் போனார். தலையில் அப்படி ஒன்றும் முடி இல்லை. தம்பி, அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். இளையவள் அவனை ஒரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகு மரத்தைப் பற்றிப் பேசவில்லை.

எலுமிச்சை வந்தது. மூத்தவள் தன் கையாலேயே குழி தோண்டி, மக்கிய எரு போட்டு நட்டாள். காலை முறை வேலைக்குப் போகும் வாரங்களில் அவளால் தண்ணீர் ஊற்ற முடியாது. அந்த வாரங்களில் இளையவள் இறங்கி வந்து ஊற்றினாள். முகம் சுளிக்கவில்லை, பிரியமும் காட்டவில்லை. செடி நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மறு வருடம் பக்கத்துக் காலி மனையில் கட்டட வேலை தொடங்கியது. ஒவ்வொரு தளமாக ஏறி மூன்று மாடி எழும்பியது. இந்தப் பக்கம் தங்கள் வீட்டுச் சுவர், அந்தப் பக்கம் புதுச் சுவர். எலுமிச்சை கிணற்றுக்குள் விட்டது போல நடுவில் நின்றது. மெலிந்து, நெடுநெடுவென்று மேலே போனது. இலை இருந்தது, முள் இருந்தது, பூ மட்டும் இல்லை. மூத்தவள் உரம் மாற்றிப் பார்த்தாள். கிளையைக் கழித்துப் பார்த்தாள். சோறு போட்டு வளர்த்த பிள்ளை சும்மா ஊர் சுற்றுகிறது என்பது போல அதனிடம் நின்று முணுமுணுத்தும் பார்த்தாள்.

ஒரு விடுமுறை நாளில் மறுபடியும் உரப்பையோடு அவள் பின்பக்கம் வந்தபோது இளையவள் மாடிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

"உரம் குறைச்சல் இல்லக்கா. வெயிலுதான் இல்ல."

மூத்தவள் நிமிர்ந்தாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இங்கேருந்து பாத்தாத் தெரியுது. சுவர் மேல எறங்குற வெயில் நம்ம ஜன்னல் உயரத்தோட நின்னுடுது. தரைக்கு வரவே இல்ல."

"எப்பத்துலேருந்து?"

"அவங்க மூணாவது மாடி போட்டதுலேருந்து. ஒரு வருசம் ஆச்சு."

"ஏன்டி சொல்லல?"

இளையவள் கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். 

"இந்த வீட்ல நான் சொல்லி நடந்தது ஒண்ணு சொல்லுங்கக்கா."

குரலில் சண்டை இல்லை. மூத்தவள் உரப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டுத் துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். அவள் நியாயக்காரி. சலவைப் பிரிவில் யார் மீது தவறு என்று கேட்டால், தன் ஆட்களாக இருந்தாலும் மறைக்க மாட்டாள். இப்போதும் அப்படித்தான் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். வீட்டுக்கு அடித்த வண்ணம், தண்ணீர்த் தொட்டி வைத்த இடம், மாமனாரின் கட்டிலை யாருக்குக் கொடுப்பது, மாடிப்படிக்குக் கம்பி போட்டது. மாடிப்படியில் ஏறி இறங்குகிறவள் இளையவள். அதன் கம்பிக்குக்கூட அவளை யாரும் கேட்கவில்லை. தேடிக்கொண்டே போனதில் ஒன்றும் அகப்படவில்லை.

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். வழக்கமாக வாசலோடு நின்று பேசிவிட்டு இறங்கிவிடுகிறவள். அன்று உள்ளே போய், சமையலறை ஜன்னல் அருகே நின்று கீழே பார்த்தாள். சாம்பல் நிறச் சுவர், அதன் மேல் ஓடும் கழிவுநீர்க் குழாய்கள், அடியில் ஒரு நோஞ்சான் எலுமிச்சை. கொய்யா நின்ற காலத்தில் இந்த ஜன்னல் நிறையப் பச்சையாக இருந்திருக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"மந்தாரை எதுக்குக் கேட்ட?" என்றாள்.

இளையவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாள் பூரா ஒரு சாண் தூரத்துல பாத்துக்கிட்டு இருக்கேன்க்கா. கண்ணாடி விளிம்பு, அதுல ஒரு கீறல், அவ்வளவுதான். சாயங்காலம் வந்தா கண்ணு எரியும். தூரத்துல பாக்க நெறமா ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமேன்னு நெனச்சேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? முள்ளு, புழுன்னு எதையெதையோ சொன்ன."

"இதெல்லாம் ஒரு காரணமான்னு கேப்பீங்கன்னு இருந்தது."

கேட்டிருப்பேன் என்று மூத்தவள் ஒப்புக்கொண்டாள். பிறகு தன் கையை நீட்டினாள். விரல்கள் வெளுத்து, நுனி சுருங்கியிருந்தன. சலவைத்தூள் வாசனை சோப்பு போட்டால் போவதில்லை, எலுமிச்சைத் தோல் தேய்த்தால்தான் போகிறது, அந்த வாசனையோடு சாப்பிட உட்கார்ந்தால் ஆஸ்பத்திரித் துணியைத் தின்பது போல இருக்கிறது என்றாள். இத்தனை வருடத்தில் இளையவளுக்கு இது தெரியாது. அவள் சமையலுக்காகத்தான் எலுமிச்சை கேட்கிறாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூத்தவளும் அப்படியே நினைக்க விட்டிருந்தாள்.

"தெருப்பக்கப் பால்கனியில வெயில் எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டாள்.

"பகல் முழுக்க. துணி மொடமொடன்னு ஆயிடும்."

அடுத்த வாரம் சலவைப் பிரிவில் கழித்துப் போட்ட நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அதைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, பலமுறை கழுவி வெயிலில் காய வைத்தார்கள். எலுமிச்சையைக் கிளை குறைத்து, வேர்மண்ணோடு தோண்டி எடுத்துச் சாக்கில் கட்டினார்கள். அண்ணனும் தம்பியும் அதைப் பால்கனிப் பீப்பாயில் வைக்க மாடிக்குத் தூக்கினார்கள். படித் திருப்பத்தில் முள் அண்ணனின் காதைக் கீறியது, தம்பியின் சட்டை கிழிந்தது. பழம் வருவதற்கு முன்னே ரத்தக் காணிக்கை வாங்கிவிட்டது என்று தம்பி புலம்பினான். இருவருக்கும் மருந்து போட்டவள் இளையவள்தான்.

பின்பக்கத்து இடத்தில் மந்தாரைக் கன்று வைக்கப்பட்டது. அது வேகமாக வளரும், மேலே வெளிச்சம் இருப்பது தெரிந்தால் தேடிப் போய்விடும் என்று பண்ணைக்காரர் சொன்னார். இந்தத் தடவை இருவரும் சேர்ந்து போயிருந்ததால் அவர் வார்த்தையை அளந்து பேசினார்.

எலுமிச்சை முதலில் இலையெல்லாம் உதிர்த்தது. மூத்தவள் அது செத்துவிட்டது என்றே முடிவு கட்டி, இரண்டு நாள் மாடிப் பக்கம் வரவில்லை. இளையவள் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாள். சில வாரங்களில் துளிர் வந்தது. வருடம் திரும்பும்போது பூ வைத்தது. அதற்குப் பிறகு காய்க்கு அவ்வளவு குறையில்லை. பழங்கள் சிறியவை. ஆனால் சாறு உண்டு, தோலில் வாசனையும் உண்டு.

மந்தாரை சுவரை ஒட்டி உயர்ந்து ஜன்னலைத் தொட்டு, ஊதா கலந்த சிவப்பில் பூத்தது. இளையவள் பாத்திரம் கழுவும் நேரம் கூடிவிட்டது, தண்ணீர்தான் வீணாகிறது என்று தம்பி குறை சொன்னான். கீழே இலையும் விதையும் கொட்டத்தான் செய்தன, சாக்கடையும் ஒரு தடவை அடைத்துக்கொண்டது. மூத்தவள் தான் சொன்னது நடந்தது என்று சொல்லிக் காட்டிவிட்டு ஆள் வைத்து எடுக்கச் சொன்னாள். மரத்தை வெட்டலாம் என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

மாடிக் கதவுக்கு இளையவள் ஒரு சாவி அதிகமாகச் செய்து கீழே கொடுத்திருக்கிறாள். வேலை முடிந்து வரும் நாட்களில் மூத்தவள் தானே திறந்துகொண்டு போய் ஒரு பழத்தைப் பறிப்பாள். கையைத் தேய்த்துக் கழுவுவாள், டீ போட்டுக் குடிப்பாள். டம்ளரை அலம்பாமல் அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போவாள். வேறு யார் அப்படி வைத்தாலும் இளையவள் ஒரு பாட்டம் பேசாமல் விடமாட்டாள்.